முதலில் பிள்ளைகள், அப்புறம் அப்பா!

‘உலகம் சுற்றும் வாலிபன்’ படத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? 1973 மே மாதம் வெளிவந்த அந்தப் படத்தில் எம்.ஜி.ஆரோடு வருகிற கதாநாயகிகளில் சந்திரகலாவையும் மஞ்சுளாவையும் மட்டும் ஒரு நிமிடம் தனியாக நிறுத்திப் பாருங்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சந்திரகலா 1968-ல் ‘பேடி பந்தவளு’ என்ற கன்னடப் படத்தின் நாயகி. பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து, அந்த வீட்டு மனிதரின் மனசிலும் இடம்பிடிக்கிற பெண்ணின் கதை அது. அதே கதை மறு வருடமே ‘சாந்தி நிலையம்’ என்று தமிழுக்கு வந்தபோது, அதில் பதின்வயதுப் பெண்ணாக முதன்முதலில் திரையில் தலைகாட்டியவர் மஞ்சுளா. கன்னட வீட்டின் டீச்சரம்மாவும் தமிழ் வீட்டின் சின்னப் பெண்ணும் நாலே வருடத்தில் ஒரே படத்தில், ஒரே நாயகனுக்கு ஜோடி!

சினிமாவின் பின்கட்டில் இப்படிப்பட்ட ரகசியங்கள் குவிந்து கிடக்கின்றன. அதிலும் இந்த ஒரு கதை இருக்கிறதே, அது போன வழியெல்லாம் ஆச்சரியங்களைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் ஒரு மனிதன். அந்தப் பிள்ளைகளைக் கவனிக்க வருகிற ஒரு பெண். முதல் நாள் முறைப்பு, இரண்டாம் வாரம் சண்டை, மூன்றாம் மாதம் பேச்சு வார்த்தை, அதற்கப்புறம் பேச்சே தேவைப்படாத ஒரு பார்வை! அடுப்பில் சிறு தீயில் சுண்டச் சுண்ட வாசனை ஏறுகிற பால் மாதிரியான காதல். இங்கிலாந்தில் எழுதப்பட்டு, ஆஸ்திரியாவில் நிஜமாகவே நடந்து, ஹாலிவுட்டில் பாட்டாகி, பெங்களூரு ரசிகர்களிடம் கன்னடத்தில் வந்து, சென்னையில் கலர் பூசிக்கொண்ட கதை இது. வாருங்கள், திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்!

நிஜ மரியாவின் நிஜக் கல்யாணம்

முதலில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். கற்பனை கலக்காத ஒரிஜினல் ஜோடி அங்கேதான் இருக்கிறது.

கேப்டன் கேயார்க் ஃபான் டிராப், ஆஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டிய வீரர். மனைவி அகாதே 1922-ல் செங்காய்ச்சல் கண்டு இறந்துபோனார். வீட்டில் ஏழு பிள்ளைகள். 1926-ல் அவர்களில் ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று பக்கத்து நொன்பெர்க் கன்னியர் மடத்தில் கேட்டார். மடம் அனுப்பி வைத்த ஆள், துறவறத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது மரியா குச்சேரா. ஒரே ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்ல வந்தவர் ஏழு பேருக்கும் சொந்தமாகிப் போனார்! 1927 நவம்பர் 26-ல், அதே நொன்பெர்க் மடத்தின் தேவாலயத்தில் கேப்டனுக்கும் மரியாவுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 47 வயது, மணப்பெண்ணுக்கு 22.

இதுவரை ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் பார்த்ததுதானே என்கிறீர்களா? இனிமேல்தான் விஷயமே. மரியா 1949-ல் தன் குடும்பத்தின் கதையைப் புத்தகமாக எழுதினார். கேப்டன் தன்னைக் கேட்ட விதத்தை அதில் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறார். ‘என் பிள்ளைகளுக்கு இரண்டாவது தாயாக இருப்பாயா’ என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. வெறுமனே ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்’ என்று மட்டும் கேட்டிருந்தால் சம்மதம் சொல்லியிருப்பேனா தெரியாது என்கிறார் மரியா! தாலி கட்டுகிற நேரத்தில், நம் ஊர் வழக்கில் சொன்னால், அவர் மனசு முழுக்கப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். மாப்பிள்ளை இன்னும் உள்ளே வந்து உட்காரவில்லை. கேப்டன் மேல் காதல் வந்தது கல்யாணத்துக்கு அப்புறம், மெல்ல மெல்ல. வந்த பிறகு, அதைப்போல் வாழ்க்கையில் வேறு யாரையும் நேசித்ததில்லை என்று மனம் திறந்து எழுதினார்.

இன்னொரு திரை விலகட்டும். படத்தில் கேப்டன் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற முரடர், மரியா பூப்போன்றவர். வீட்டுக்குள்ளே நடந்தது தலைகீழ்! அப்பா மென்மையானவர், பாட்டில் பிரியம் உள்ளவர் என்பதே பிள்ளைகளின் சாட்சி. சினிமா தங்கள் அப்பாவைக் கல்லாகக் காட்டிவிட்டதே என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். சட்டென்று கொதித்து, கொதித்த வேகத்திலேயே ஆறிப்போகிறவர் மரியாதான். பனிமலை தாண்டித் தப்பியதும் சினிமாக்காரர்கள் சேர்த்த மசாலா. 1938-ல் அந்தக் குடும்பம் ரயிலேறி இத்தாலிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தது. இந்தத் தம்பதிக்கு மேலும் மூன்று பிள்ளைகள் பிறந்து, வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். கச்சேரிக்கு வெளியிலிருந்து ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை!

சிரிப்பை மறைத்த இருட்டு

மரியாவின் அந்தப் புத்தகம் 1956-ல் ஜெர்மானியப் படமாகி, 1959-ல் நியூயார்க்கில் இசை நாடகமாகி, 1965-ல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற உலகப் பிரளயமானது. இயக்குநர் ராபர்ட் வைஸ். மரியாவாக ஜூலி ஆண்ட்ரூஸ். ‘மேரி பாபின்ஸ்’ படத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மந்திரக்காரியாக நடித்தவருக்கு இதிலும் அதே உத்தியோகம்! அந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. இந்தப் படம் சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர்களை அள்ளியது.

படப்பிடிப்புத் தளத்தில் நடந்த கூத்துகளைக் கேளுங்கள். மலைமேல் கை விரித்துச் சுழன்றபடி ஜூலி ஓடிவருகிற முதல் காட்சி ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்டது. ஒவ்வொரு டேக் முடிந்து ஹெலிகாப்டர் திரும்பும்போதும் அதன் காற்று அவரைப் புல்லில் உருட்டிவிட்டது. எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடியும் அதே மலர்ந்த முகத்தோடு ஓடிவந்தார் மகராசி. படகு கவிழ்கிற காட்சியில் கடைக்குட்டி கிரெட்டலாக நடித்த சிறுமிக்கு நீச்சலே தெரியாது. அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஜூலி ஒரு டேக்கில் படகின் அந்தப் பக்கம் விழ, சிறுமி இந்தப் பக்கம் விழுந்தாள்! மற்றவர்கள் பாய்ந்து தூக்கினார்கள்.

இதற்கெல்லாம் சிகரம், கண்ணாடி மண்டபக் காட்சி. கேப்டனும் மரியாவும் முதன்முதலாக மனசைத் திறக்கிற இடம். இரண்டு மணி நேரமாக ஊறிய காதல் உதட்டுக்கு வருகிற நிமிடம். ஜூலியும் கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரும் முகத்தோடு முகம் நெருங்கும்போதெல்லாம், தலைக்கு மேலே இருந்த பழைய கார்பன் விளக்குகள் ‘புர்ர்’ என்று அநாகரிகமாக ஒரு சத்தம் போட்டன. இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. டேக்குக்கு மேல் டேக். அடக்கவே முடியவில்லை! கடைசியில் வைஸ் முன்விளக்குகளை அணைக்கச் சொல்லி, இருவரையும் நிழலுருவமாகவே எடுத்து முடித்தார். உலகத்தின் மிக அழகான காதல் காட்சிகளில் ஒன்றென்று நாம் உருகிப் பார்க்கும் அந்த நீல இருட்டு, இரண்டு பேரின் சிரிப்பை மறைக்கப் போட்ட திரை!

அந்த மண்டபத்தில் அவர்கள் பாடும் பாட்டுக்கும் தனிக் கதை உண்டு. மேடை நாடகத்தில் அது கிடையாது. பாடலாசிரியர் ஹாமர்ஸ்டைன் 1960-லேயே மறைந்துவிட்டதால், படத்துக்காக இசையோடு வரிகளையும் ரிச்சர்ட் ராட்ஜர்ஸே எழுதினார். பிளம்மரின் பாட்டுக் குரலும் அவருடையதல்ல. பில் லீ என்ற பாடகர் கொடுத்தது. நிஜ மரியாவும் படத்தில் இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? ஜூலி மடத்தை விட்டு வெளியேறி, பாடிக்கொண்டே ஊருக்குள் நடக்கும்போது, பின்னால் ஒரு வளைவைக் கடந்து போகிற பெண்களில் ஒருவர் அவர்தான். கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள்!

பெங்களூருக்கு வந்த டீச்சரம்மா

இப்போது நம் பக்கம் வருவோம். கன்னடப் படங்கள் பெரும்பாலும் சென்னை ஸ்டூடியோக்களில் பிறந்து, ரீல் பெட்டிகளாகப் பெங்களூரு போய், காந்திநகர், மெஜஸ்டிக் வட்டாரத் திரையரங்குகளில் கைத்தட்டல் வாங்கிய காலம் அது. 1968-ல் ‘பேடி பந்தவளு’ வந்தது. இயக்கம் சி. ஸ்ரீனிவாசன். நாயகன் கல்யாண்குமார், நாயகி சந்திரகலா.

கல்யாண்குமாரைத் தமிழர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? 1962-ல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில், பழைய காதலியின் கணவனைக் காப்பாற்றத் தன்னையே தேய்த்துக்கொள்ளும் டாக்டராக வந்து நம்மை அழவைத்தவர். காதலை வாயால் சொல்லாமல் கண்ணால் சொல்வதில் அவருக்கு இருந்த பழக்கம் கன்னட வீட்டுக்கும் அப்படியே பொருந்தியது. இந்தக் கதைக்கு அவசரக்கார நாயகன் உதவ மாட்டான். தூணோரம் நின்று, பிள்ளைகள் சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து, ‘இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு’ என்று முகத்தாலேயே சொல்லத் தெரிந்தவன் வேண்டும்.

இசை யார் தெரியுமா? நம்ம ஏவி.எம். ஆர். சுதர்சனம்! ‘நாம் இருவர்’, ‘பராசக்தி’, ‘களத்தூர் கண்ணம்மா’ தந்த கைகள். ஜூலி ஆண்ட்ரூஸ் ஏழு ஸ்வரத்தைக் கற்றுக்கொடுத்து ஏழு பிள்ளைகளையும் மடக்கினாரே, அந்த இடத்துக்குக் கன்னடத்தில் அவர் போட்ட பதில், ஏழு ஸ்வரம் கூடினால் சங்கீதம், ஏழு நிறம் கூடினால் வெள்ளை என்று பி. சுசீலா பாடுகிற பாட்டு. பாடத்துக்குப் பாடம், பாட்டுக்குப் பாட்டு. கர்நாடகத்தில் பல தலைமுறைக் குழந்தைகளின் வாயில் புழங்கிய பாட்டு அது. பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய டூயட்டோ, தண்ணீரில் அலை வரைகிற மோதிரத்தைக் காட்டித் தொடங்கி, காதலின் மோதிரத்துக்கு வந்து சேரும். கன்னடம் பேசும் பெரியவர்களிடம் அந்த மெட்டை லேசாக முணுமுணுத்துப் பாருங்கள், மிச்சத்தை அவர்களே பாடி முடிப்பார்கள்!

மாடியில் ஒரு மர்மம்

இந்தக் கதைக்குச் சங்கீதம் ஆஸ்திரியாவிலிருந்து வந்ததென்றால், இருட்டு இங்கிலாந்திலிருந்து வந்தது. அனாதைப் பெண், பெரிய வீடு, பேசாத எஜமானன், கதவு பூட்டிய மர்மம் என்று நம்மை நடுங்கவைத்தவர் ஷார்லட் பிராண்ட்டி. 1847 அக்டோபரில், கரர் பெல் என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலில் ராசெஸ்டர் என்ற பணக்காரரின் பொறுப்பில் வளர்கிற சிறுமிக்குப் பாடம் சொல்லவே ஜேன் வருகிறாள்.

எழுத்தாளரின் அடுப்படியையும் எட்டிப் பாருங்கள். பிராண்ட்டியே 1839-லும் 1841-லும் பணக்கார வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர். பாடம் சொல்வதோடு துணி தைக்கச் சொல்வார்கள். விருந்து நடக்கும்போது மூலையில் இருக்க வேண்டும். குடும்பத்தோடும் சேர முடியாது, வேலைக்காரர்களோடும் சேர முடியாது. அந்த இரண்டுங்கெட்டான் நாற்காலியின் வலி அவருக்கு நேரடியாகத் தெரியும். அதனால்தான் ஜேன் எஜமானனுக்கு எதிரே நிமிர்ந்து நின்று, தனக்கும் அவருக்குச் சமமான மனசு உண்டென்று பேசினாள். கதையின் முதுகெலும்பு அந்தப் பேச்சில்தான் உருவானது. அதற்குப் பிறகு வந்த அத்தனை டீச்சரம்மாக்களும் ஜேனின் பேத்திகள். நம் நாட்டிலும் 1952-லேயே திலீப்குமாரும் மதுபாலாவும் ‘சங்தில்’ என்ற இந்திப் படத்தில் இந்தக் கதையைத் தொட்டுவிட்டார்கள். 1972-ல் குல்சார் ‘பரிச்சய்’ எடுத்தபோது பாடம் சொல்ல வருபவரை ஆணாக்கி, ஜிதேந்திராவைப் பிள்ளைப் பட்டாளத்தின் நடுவே தள்ளிவிட்டார்!

சாந்தி நிலையத்தின் பின்வாசல்

1969 மே மாதம். சென்னைக்கு வந்த டீச்சரம்மாவின் பெயர் மாலதி, நடித்தவர் காஞ்சனா. வசனம் ‘சித்ராலயா’ கோபு, இயக்கம் ஜி.எஸ். மணி, இசை எம்.எஸ். விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன். நாயகன் பாஸ்கராக, வேறு யார், காதல் மன்னன் ஜெமினி கணேசன்!

காஞ்சனா நிஜத்தில் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். 1964-ல் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் ஸ்ரீதர் அவரை அறிமுகப்படுத்தியபோது, அந்தப் படத்தின் நகைச்சுவைக்குப் பேனா பிடித்தவரும் இதே கோபுதான். ஐந்தே வருடத்தில், அந்த நவநாகரிகப் பெண்ணைப் புடவை கட்டிய, பொறுமையான, ஆனால் குனியாத டீச்சராக மாற்றி எழுதினார். அடங்காத பிள்ளைகள் சேட்டை மேல் சேட்டை செய்கிறார்கள். மாலதி கையை ஓங்குவதில்லை. கதை சொல்கிறாள், பாடுகிறாள், கூட விளையாடுகிறாள். பிள்ளைகள் வழிக்கு வந்த பிறகுதான் பெரியவர் வழிக்கு வருகிறார். வரிசையை மாற்றவே இல்லை பாருங்கள்!

பிள்ளைகளோடு பலூன்களில் மிதந்து பறக்கிற பாட்டுக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணினி ஜாலம் எதுவும் இல்லாத 1969-ல், பார்க்கிற குழந்தையின் வாய் பிளக்கும்படி அதை எடுத்துக் காட்டியவர் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. ‘மாயா பஜார்’ படத்தில் நிலா வெளிச்சத்தையே உருவாக்கிய மனிதர். ‘செம்மீன்’ படத்தில் கேரளக் கடலைக் கலரில் காட்டிய மனிதர். ‘சாந்தி நிலையம்’ அவருக்குச் சிறந்த வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. ஒரு குடும்பக் கதைக்கு, பிள்ளைகள் கூத்தடிக்கிற படத்துக்கு, நாட்டின் உயர்ந்த கேமரா விருது! எனக்கு இதை நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

குரல் விஷயத்திலும் ஒரு குறும்பு நடந்தது. தமிழில் ஜெமினியின் பாட்டுக் குரல் என்றால் அந்தக் காலத்தில் பி.பி. ஸ்ரீனிவாஸ்தான். கன்னடப் படத்தில் டூயட் பாடியதும் அவரே. தமிழில் வரும்போது அதே மனிதரிடமே கொடுத்திருக்கலாம். எம்.எஸ்.வி. கொடுக்கவில்லை! இயற்கையை இளங்கன்னியாக்கிப் பாடுகிற டூயட்டை, மீசை முளைத்துக்கொண்டிருந்த ஓர் ஆந்திரத்து இளைஞரிடம் ஒப்படைத்தார். கூடப் பாடியவர் சுசீலா. அந்த இளைஞர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம். அவர் தமிழில் பாடிப் பதிவான ஆரம்பப் பாட்டுகளில் ஒன்று அது. எம்.ஜி.ஆருக்காகப் பாடிய ‘அடிமைப்பெண்’ பாட்டு சில வாரம் முந்திக்கொண்டு வெளியானதால் அதுவே புகழை அள்ளிக்கொண்டது. ஆனாலும் நாற்பதைத் தாண்டிய ஜெமினிக்கு அந்த இருபது சொச்ச வயதுக் குரல் கொடுத்த புத்துணர்ச்சியைக் கேட்டுப் பாருங்கள். நீண்ட நாள் மூடிக் கிடந்த மனசு திறப்பதை அந்தக் குரலின் புதுமையே சொல்லிவிடுகிறது.

மறுபடியும் ஜெமினி, மறுபடியும் ஆயா!

கதை அங்கேயே முடிந்தது என்றா நினைத்தீர்கள்? 1996 தீபாவளிக்கு ‘அவ்வை சண்முகி’ வந்தது. விவாகரத்தான அப்பா, மகளைப் பிரிந்திருக்க முடியாமல், மாமி வேஷம் போட்டு அதே வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிறான். ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்திலிருந்து கிளைத்த இந்தக் கதையில் அப்பாவும் ஆயாவும் ஒரே ஆள்! கமல்ஹாசனுக்கு மாமி முகம் செய்து தந்தவர் ‘மாஸ்க்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய மைக்கேல் வெஸ்ட்மோர். பாத்திரத்தின் பெயரோ, மேடையில் அவ்வையாராக வாழ்ந்த அவ்வை டி.கே. சண்முகத்துக்கு வைத்த மரியாதை. அவருடைய நாடகக் குழுவில்தான் கமல் சிறுவயதில் பயின்றார்.

இப்போது கவனியுங்கள். அந்த வீட்டில் மனைவியை இழந்து, மகளைத் தனியாக வளர்த்த ஒரு பெரியவர் இருக்கிறார்: விஸ்வநாத ஐயர். பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்த மாமியின் மேல் அவருக்குக் காதல் மலர்கிறது. அந்த வேடத்தில் யார்? ஜெமினி கணேசன்! 1969-ல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணைக் காதலித்தவர், இருபத்தேழு வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய வயதில், மறுபடியும் பிள்ளை பார்த்துக்கொள்ள வந்தவரிடம் மனசைப் பறிகொடுக்கிறார். மாமியின் மேக்கப் ரகசியத்தைக் காக்கும் ஜோசப்பாக நாகேஷ். அவரும் ‘சாந்தி நிலைய’த்தில் இருந்தவர்தான். இன்னும் ஒன்று: 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் குட்டிக் கமல் முதன்முதலாக நடித்தபோது அப்பாவாக நடித்தவர் ஜெமினி. அந்தப் படத்துக்கு இசை ‘பேடி பந்தவளு’வின் சுதர்சனம். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தச் சேலையும் கையோடு வருகிறது!

தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. மஞ்சு கபூரின் ‘கஸ்டடி’ நாவலை ஒட்டி 2013 டிசம்பரில் இந்தியில் தொடங்கிய ‘யே ஹை மொஹப்பத்தேன்’ தொடரில், தாயில்லாமல் வளரும் சிறுமிதான் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணை முதலில் அம்மாவாக வரித்துக்கொள்கிறாள். அப்பாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஆரம்பத்தில் எலியும் பூனையும். கல்யாணம் முதலில், காதல் அதற்கப்புறம். தமிழில் ‘கல்யாணம் முதல் காதல் வரை’ என்ற பெயரில் பிரியா பவானிசங்கரும் அமித் பார்கவும் நடித்து வீடு வீடாக வந்தது. கன்னடத்திலும் பெங்களூரு வீடுகளுக்குத் தனித் தொடராக வந்தது. நொன்பெர்க் மரியா வாழ்ந்து காட்டிய அதே வரிசை: பிள்ளை, கல்யாணம், காதல்.

கதவு திறந்தே இருக்க வேண்டும்

இத்தனை பிறவி எடுத்த கதையின் உயிர் எங்கே இருக்கிறது? எல்லா வடிவங்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பெண் ஒருமுறையாவது வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஜேன், பூட்டிய கதவின் மர்மம் தெரிந்த இரவில் கையில் சொற்பக் காசோடு கிளம்பிப் போகிறாள். படத்து மரியா தன் மனசே தனக்குப் புரிந்து பயந்து மடத்துக்கு ஓடுகிறாள். நிஜ மரியாவும் சம்மதம் சொல்வதற்கு முன் மடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தார். போன பிறகு திரும்பி வருகிறாள், தன் காலில், தன் விருப்பத்தில். அப்போதுதான் அது காதல். அதுவரைக்கும் அது சம்பளம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் ரோட்டிலும் எழுந்து நிற்கிற அடுக்ககங்களில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளிலும், ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கிற வீடுகளிலும், குழந்தையை நாளெல்லாம் இடுப்பில் சுமப்பவர்கள் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த பெண்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்று எல்லா மொழித் தாலாட்டும் அந்த லிஃப்ட்களில் ஏறி இறங்குகிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2004-லேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம். நிமிர்ந்து பேச உரிமையும், போக நினைத்தால் போக முடிகிற கதவும், கையில் நியாயமான கூலியும் இருக்கிற பெண்ணின் சம்மதத்துக்குத்தான் மதிப்பு. சினிமா இதைப் புரிந்துகொண்டு எழுதிய இடங்களில் காதல் இனித்தது. மரியாதை வராத வீட்டில் எத்தனை டூயட் போட்டாலும் காதல் வராது.

மாலதியாக நடித்த காஞ்சனாவின் பிற்கால வாழ்க்கையில் ஒரு பகுதியும் பெங்களூரில்தான் கழிந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல், தியாகராய நகரில் இருந்த கோடிக்கணக்கில் மதிப்புள்ள சொத்தைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, கோயிலும் பக்தியுமாக எளிமையாக வாழ்ந்தார். 2017-ல் ‘அர்ஜுன் ரெட்டி’ தெலுங்குப் படத்தில் பாட்டியாக வந்தபோது புதிய தலைமுறை அவரைக் கொண்டாடியது. பிள்ளைகளைப் பாட்டால் கட்டிப்போட்ட அந்த முகத்தின் அமைதி அப்படியே இருந்தது!

காதல் கதைகள் கோடி இருக்கின்றன. முதல் பார்வையில் பற்றிக்கொள்கிறவை பாதிக்கும் மேல். இந்தக் கதையில் இருவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைவிட, ஒரு குழந்தை அழும்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். காய்ச்சல் அடிக்கிற இரவில் யார் விழித்திருந்தார்கள் என்பதைப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து வருகிற காதலை வயதும் அந்தஸ்தும் அசைக்க முடியாது. பிள்ளைகள் பரீட்சை வைத்துத் தேர்வு செய்த காதலைவிட நம்பகமான காதல் வேறு இல்லை என்பதே என் தீர்ப்பு.

அடுத்த விடுமுறை நாளில் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ‘சாந்தி நிலையம்’ பாருங்கள். பெங்களூரில் இருந்தால், எதிர்வீட்டுக் கன்னடத் தாத்தா பாட்டியையும் கூப்பிட்டு ‘பேடி பந்தவளு’ பாட்டுகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார் என்றால், அன்று அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் பெயரைச் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, சேர்ந்து பாருங்கள்!